மேல்கோட்டுக்கும் மேலே

பானெட்டைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்று மருமகள் சொன்னபோது, பெட்டிகள் எல்லாம் டிக்கியில் ஏறியிருந்தன.

காலை ஏழு மணி. மலைமேல் ஊரில் இருக்கும் என் மகளுக்கு ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளை வேலை விஷயமாகக் கடல் தாண்டிப் போயிருந்தார். காலையிலிருந்தே இடுப்பு வலிக்கிறது என்று அப்போதுதான் போன் செய்திருந்தாள்.

ஆறு மணி நேரப் பயணம். கடைசி இரண்டு மணி நேரம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள்.

"போன மாசம்தான் நானே ஆயில் மாத்தினேன். கிளம்பு" என்றான் மகன்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்து அவனே மாற்றியதுதான். அதை ஒரு வாரம் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மருமகள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். பழைய துணியால் துடைத்தாள். திரும்பச் செருகினாள். மறுபடி உருவி, வெளிச்சத்தில் படுக்கைவாட்டில் பிடித்தாள்.

கம்பியில் இரண்டு கோடுகள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஆயில் போதாது என்பது எனக்கே தெரியும். ஆனால் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை மேலே நின்றது.

"பார்த்தியா? தாராளமா இருக்கு."

"அன்னிக்கு நீங்க ஊத்தினது சரியான அளவுங்க. நானும்தான் பார்த்தேனே. ஓடுற வண்டியில ஆயில் குறையலாம். தானா ஏறாது."

கம்பி நுனியை விரலால் வழித்து அவனிடம் காட்டினாள். தேன்போல இருக்க வேண்டியது, பால் அதிகமாக விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தாள். உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. பக்கத்தில் இருந்த, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"கூலன்ட் போய் ஆயில்ல கலக்குது. ஏத்தத்துல தாங்காது. இந்த வண்டி போக வேண்டாம்."

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, நீயாவது சொல்லு. அங்க அவ தனியா இருக்கா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு இன்ஜினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மகள் வலியோடு காத்திருக்கிறாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. ஆனால் இந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில், என்ன சமைக்கட்டும் என்பதைக்கூட என்னைக் கேட்டுச் செய்தவள் அவள். வேண்டாம் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். குரல் உயரவில்லை.

வண்டிச் சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

"பெட்டியை இறக்குடா" என்றேன்.

அவன் வாடகை வண்டிக்குப் போன் செய்தான். அவள் என் பக்கத்தில் வந்து, கொஞ்சம் தயங்கி, "எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஷெட் ஒண்ணு இருக்கு அத்தை. நம்ம வண்டியை அங்க அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

வாடகை வண்டி வந்ததும் அதன் பானெட்டையும் திறக்கச் சொல்லிவிட்டாள். முப்பது வருஷம் ஓட்டிய டிரைவர். பரீட்சை எழுதியவர் மாதிரி பக்கத்தில் நின்றார். கம்பியைத் துடைத்து, செருகி, உருவிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்கண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டினார்.

"இதை எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டார்.

"பழக்கம்ணே" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நடந்ததை டிரைவரிடம் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கடைக்காரரிடமும் சொன்னேன். "என் மருமகள்" என்று சொல்லும்போதெல்லாம் அவளைக் கையால் காட்டினேன். முன்சீட்டில் இருந்த மகன் முதலில் கேட்காதவன் போல இருந்தான். இரண்டாவது தடவை, நான் சொல்ல மறந்துபோன கூலன்ட் டப்பா விஷயத்தை அவனே எடுத்துக் கொடுத்தான்.

மலை ஏற ஆரம்பித்ததும் மருமகள் தூங்கிப்போனாள். நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். அவள் மடியில் இருந்த போன் அடித்தது. அவளை எழுப்ப மனசில்லாமல் நானே எடுத்தேன்.

ஷெட் முதலாளி. அவள் தூங்குகிறாள், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். "ஆயிலையும் கூலன்ட்டையும் பிரிச்சு வைக்கிற கேஸ்கெட் போயிருக்குங்க. மலைப்பாதையில ஏத்தியிருந்தா பாதி வழியில இன்ஜினே இறுகி நின்னிருக்கும். அவ பார்த்தா தப்பாது. நாலு வருஷம் இங்க இருந்த பொண்ணாச்சே. நீங்க அவளுக்கு அம்மாங்களா?"

"அவ மறுபடி வேலைக்கு வரணும்னு ஆசைப்பட்டா சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.



"நாளைக்கே வரட்டும்மா. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி அவ மாமியாரே இங்க வந்து, எங்க வீட்டுக்கு வர்றவ கையில கிரீஸ் இருக்கக் கூடாது, இதோட நிறுத்திக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களே. அவங்க விடுவாங்களா?"

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. மருமகளின் தலை என் தோளில் சாய்ந்தது. அது அசையாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன்.

"அந்த மாமியார் நான்தான்."