முளைக்கட்டும், அப்புறம் பிடிக்கலாம்

மாடி அறைக்குக் குடிவந்தவன் தலையில் ஒரு முடிகூட இல்லை என்று தெரிந்ததும் வெந்தயக்காவுக்கு வந்த சந்தோஷம், கூடப்பிறந்த தம்பியே வந்திருந்தால்கூட வந்திருக்காது.

வெந்தயக்கா என்பது தெரு வைத்த பெயர். முடி கொட்டுகிறது என்றால் ஊறவைத்து அரைத்த வெந்தயம், பொடுகு என்றால் சோற்றுக்கற்றாழை என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வைத்தியம் சொல்லுவாள். பலன் கண்டவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோருமே தலையில் ஏதோ கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு வந்தவர்கள். வெறுந்தரையில் பயிர் வைத்துக் காட்ட ஒரு தலை கிடைக்காதா என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

நிலைப்படியில் இடித்துக் குல்லா விழுந்ததால்தான் அவன் குட்டு உடைந்தது. பதறிப்போய் எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அக்கா, தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"மொட்டை என்ன கொலைக்குத்தமா தம்பி? நான் வளர வெக்கிறேன்."

அவன் கண்கள் விரிந்தன. "நெஜமாவா? எவ்வளவு சீக்கிரம்? அது வளர்ற வரைக்கும் நான் வெளிய தலை காட்ட முடியாதுக்கா. யாராவது பார்த்துட்டா என் கதை முடிஞ்சுது!"

அன்றே வைத்தியம் தொடங்கியது. ஒருநாள் சின்ன வெங்காயச் சாறு. மறுநாள் வெந்தயம். இடையிடையே தேங்காய் எண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டில் விட்டு, விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தாள். வெங்காய நெடியில் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஊர் எது, தொழில் எது என்று எப்படிக் கேட்டாலும் பிடிகொடுக்க மாட்டான். ஜன்னலைத் திறக்க மாட்டான். தெருவில் யாராவது நின்று மாடியைப் பார்த்தால் கட்டிலுக்குப் பின்னால் பதுங்குவான்.

ஒருநாள் அவள் கணவர், பூட்டு ரிப்பேர்காரர், கடையை அப்படியே போட்டுவிட்டு செய்தித்தாளோடு ஓடிவந்தார்.

"பாரு இதை! நகைக்கடைக் கொள்ளையன். கேமராவுல முகம் விழலியாம். பளபளன்னு மொட்டை மட்டும்தான் தெரியுதாம். மாடியில இருக்கறவன் யாருன்னு இப்பப் புரியுதா?"

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

"முழங்கால் எங்கேடி வந்துச்சு? இது மொட்டைக்கும் மொட்டைக்கும் போட்ட முடிச்சு! நான் போலீசுக்குப் போறேன்."

வெந்தயக்காவுக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனாலும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க. இப்பத்தான் வேர்க்கால் திறந்திருக்கு. முளைக்கட்டும், அப்புறம் பிடிக்கலாம்."

"முளைச்சா அடையாளமே தெரியாம தப்பிச்சுடுவான்! நீ செய்யறது வைத்தியம் இல்ல, மாறுவேஷம்!"

"இந்த ஒரு தலையைத் தவிர எனக்கு வேற சாட்சி இல்லீங்க" என்று அவள் கண் கலங்கினாள். மனைவியின் கண்ணீரைக் கண்டால் அவருக்குக் கை ஓடாது. முணுமுணுத்துக்கொண்டே கடைக்குத் திரும்பினார்.

அதன் பிறகு எண்ணெய்க் கிண்ணத்தோடு மாடியேறும்போதெல்லாம் படிக்கட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள். இந்தக் கையால்தானே துப்பாக்கி பிடித்திருப்பான் என்று அவன் கையையே பார்த்துக்கொண்டு தேய்ப்பாள். அவன் தும்மினால் இவள் ஓரடி பின்னால் குதிப்பாள்.

அப்படி ஒருநாள் பயந்து பயந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது, விரலில் சுருக்கென்று ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தாள். உச்சியில், காதோரத்தில், பிடரியில் எங்கும் புல் முளைத்ததுபோல் கறுப்புப் பொடிமுடி!

கொள்ளை, போலீஸ் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின.

"என்னங்க! ஓடி வாங்க! முளைச்சிடுச்சு!"

அவள் போட்ட கூச்சல் கடைவரைக்கும் கேட்டது. 'இனித் தாமதித்தால் ஆள் மாறிவிடுவான்' என்று நினைத்த பூட்டு ரிப்பேர்காரர் மாடிக்கு வரவில்லை. நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது அவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அந்தப் பொடிமுடியை ஆனந்தமாகத் தடவிக்கொண்டிருந்தான். சீருடையைப் பார்த்ததும் குல்லாவை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"நகையை எங்கேடா வெச்சிருக்கே?"

"நகையா? என்ன சார் சொல்றீங்க?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா! கட்டிலுக்கு அடியில பாருய்யா" என்றார் கான்ஸ்டபிளிடம்.

பெரிய சூட்கேஸ் ஒன்று வெளியே வந்தது. சாவி கேட்டும் அவன் தரவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். பூட்டு ரிப்பேர்காரர் முன்னால் வந்து, ஒரு கம்பியை விட்டு நெம்பினார். மூடி திறந்தது. வெந்தயக்கா பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே வரிசை வரிசையாகக் கூந்தல் தைலச் சீசாக்கள்.

இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு குல்லாவைக் கழற்றி அவனைப் பார்த்தார். மறுபடி சீசாவைப் பார்த்தார். லேபிளில், தோள்வரை புரளும் முடியோடு சிரித்துக்கொண்டிருந்த முகம் அவனுடையதுதான்.

"அட, டிவியில தினம் வர்ற தைலக் கம்பெனி முதலாளி! உங்களுக்கு ஏன் சார் இந்தத் தலைமறைவு?"

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"விஷயம் வெளிய போயிடக் கூடாது சார்… எங்க விளம்பரத்தை நானே நம்பி, ஒரு மாசம் எங்க தைலத்தைத் தேச்சுட்டேன்!"