வெளியே நின்ற ஓட்டு

ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. கவிழ்த்தவர் கார்விதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மூன்று கோஷ்டிகளைச் சேர்த்துக் கட்டிய கூட்டணி அது. வெலிங்டன் சட்டசபையில் பதினோரு மாதம் அதைக் கலையாமல் காத்தவர் கொறடா ஹார்கின்ஸ்.

வாக்கெடுப்பு மணி அடித்தபோது அவருக்கு நம்பிக்கை இருந்தது. எதிர்த்தரப்பில் பாஸ்டபிள் வரவில்லை. ஓட்டு சமமாகும். சமமானால் சபாநாயகர் அரசைக் காப்பாற்றிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து, சொந்தக் கட்சியின் கார்வி எழுந்து வெளியே போனார்.

எல்லாம் முடிந்தபின் தாழ்வாரத்தில் ஹார்கின்ஸ் அவரை மறித்தார்.

“என்ன தர்றேன்னாங்க? மந்திரி பதவியா, உங்க ஊருக்கு ரயிலா?”

“ஒண்ணும் இல்ல. பாஸ்டபிளோட ஜோடி போட்டிருந்தேன்.”

அது சபையின் வழக்கம். ஒரு பக்கத்தில் ஒருவர் வர முடியாவிட்டால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் ஓட்டுப் போடாமல் வெளியே நிற்பார்.

“ஜோடியைக் குறிச்சு வைக்கிறவன் நான். என் புத்தகத்துல உன் பேரே இல்லையே?”

“வாய்வார்த்தைதான்.”

“எப்போ குடுத்த வார்த்தை?”

கார்வி அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அவருடைய ஜோடி எதிர்க்கட்சி அமைக்கப்போகும் மந்திரிசபையோடுதான் என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, தாழ்வாரமே சிரித்தது.

ஹார்கின்ஸ் உடனே கார்வியின் தொகுதிக்குத் தந்தி அடித்தார். ‘ஆள் விலைபோய்விட்டார். தேர்தலுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.’

மறுநாள் காலை பதில் வந்தது. பதினைந்து வருஷ உறுப்பினரை ஊர் கைகழுவிவிட்டது. யாரும் கைகுலுக்காமல் கார்வி ஊருக்குக் கப்பல் ஏறினார்.

மதியம் பாஸ்டபிள் வந்தார். கையில் கறுப்புப் பட்டி.

“கார்வி இருக்காரா?”

“போயிட்டார். இனிமே உங்க ஆள்தானே, நீங்களே தேடிக்குங்க.”

பாஸ்டபிள் அதற்குக் கோபப்படவில்லை. தம்பியை அடக்கம் செய்துவிட்டு வருவதாகவும், கார்விக்கு நன்றி சொல்ல வந்ததாகவும் சொன்னார். தந்தி விஷயத்தை வழியிலேயே கேள்விப்பட்டிருந்தார்.

“யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். இப்ப சொல்லாம இருக்க முடியலை. போன ஆகஸ்ட்ல உங்க பக்கத்து ஆள் ஒருத்தர் அவசரமா ஊருக்குக் கிளம்பிட்டார். அன்னைக்கும் ஆட்சி போற ஓட்டுதான். அவருக்காக என்னை வெளியே நிக்கச் சொல்லிக் கார்வி கெஞ்சினார். பதிலுக்கு, நான் கேக்கிற அன்னைக்குத் தானும் நிப்பேன்னு வாக்குக் குடுத்தார்.”

அந்த ஓட்டு ஹார்கின்ஸுக்கு நினைவிருந்தது. பாஸ்டபிள் வராததால் அரசு பிழைத்தது. அதிர்ஷ்டம் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

“துக்கத்துல இருக்கிற மனுஷனுக்கு இந்தப் பாரம் வேற எதுக்குன்னு, ஊருக்குப் போனவர்கிட்டகூட மறைச்சுட்டார்.”

“அப்படி ஒரு ஜோடின்னா புத்தகத்துல இருந்திருக்கணுமே, பாஸ்டபிள்? ஏன் எழுதலை?”

பாஸ்டபிள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எழுத வேண்டியவர் அன்னைக்கு, சாகக் கிடந்த மகளோட கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே.”