காற்றில் போன பெயர்

ஊர்க் கூட்டம் முடிந்ததும் தலைவர் ஒரு தாளை பெலிக்ஸிடம் நீட்டினார். "போய் மைக்ல படி."

அதிலிருந்த பெயரைப் படித்தவன் தாளை வாங்கவில்லை. "தலைவரே, அந்த வூட்ல கைக்குழந்த இருக்கு."

"'ஏரியில வலை போட எல்லாருக்கும் சீட்டுக் குலுக்குறீங்க, உங்க புள்ளைக்கு மட்டும் ஏன் குலுக்கல'ன்னு என்னையே கேட்ட வாய்க்கு இதான் கூலி."

"தண்ணி புடிக்கவாவது விடுங்க தலைவரே."

"பத்து வருசமா நீதான் படிக்கிற. கண்ணப்பன் குடும்பத்த ஒதுக்குனப்போ உனக்கு நாக்கு குழறலியே?"

பெலிக்ஸ் தாளை வாங்கிக்கொண்டான். மைக்கைப் பிடித்தான்.

"இந்தக் குடும்பத்தோட யாரும் பேசக் கூடாது. ஏரியில தொழில் கிடையாது. கடையில சாமான், குழாய்ல தண்ணி, எதுவும் கிடையாது. மீறுனா அவங்களுக்கும் இதே கதி."

பெயரை இரண்டு முறை வாசிப்பது வழக்கம். வாசித்தான்.

வீட்டுக்கு வந்தபோது, ஏரியில் இறால்களைக் கையால் தடவிப் பிடிக்கப் போயிருந்த மனைவி ஜாக்குலின் ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"இன்னாய்யா ஊரு இது? பக்கத்து வூட்டு மஞ்சுகிட்ட புள்ளைய விட்டுட்டுப் போனேன். வெறுந்தரையில நம்ம வாசல்ல போட்டுட்டு கதவ சாத்திகினா!"

பெலிக்ஸ் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"மைக் சத்தம் கேட்டுச்சு, காத்துல பேருதான் கேக்கல. எந்த வூடுன்னு சொல்லுய்யா. தெரியாம பேசித் தொலைச்சிடப் போறேன்."

"என்னாண்ட பேசு ஜாக்குலின். இனிமே இந்த ஊர்ல உன்னாண்ட பேச நான் ஒருத்தன்தான்."