முதல் வண்டி

ராஸ் அல் கைமா குவாரியிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் லைனை, குத்தகைக்கு எடுத்திருந்த காண்ட்ராக்டரிடமிருந்து குவாரிக் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. அவருடைய தொழிலாளர்கள் தங்கியிருந்த கேம்ப்பையும் உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டது.

“சொன்ன வேலை முடிஞ்சுதா?” போனில் காண்ட்ராக்டரின் ஃபோர்மன் விஜயபாஸ்கர்.

“வளைவுல முடிச்சிட்டேன் சார். யாருக்கும் ஒண்ணும் ஆகாதே?” என்றான் சேதுபதி.

“கம்பெனி விடுற முதல் வண்டியில வெறும் கல்லுதான்டா. அப்புறம் பாரு, லைன் தானா நம்மகிட்ட திரும்பி வரும்.”

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கேம்ப் ஆட்களை ஏற்றிவரும் பஸ்ஸுக்காக வளைவுக்குப் பக்கத்து ரோட்டோரம் நின்றான் சேதுபதி.

மறுபடியும் போன். தங்கச்சி புருஷன் ராசாங்கம்.

“மச்சான், பஸ் மாஃபி, கிடையாதுன்னுட்டானுங்க. எங்க எல்லாரையும் கல்லு வண்டியிலேயே ஏத்திட்டானுங்க. வளைவுலதானே நிக்கிறீங்க? கை காட்டறேன்.”

“வண்டிய நிறுத்தச் சொல்லு மாப்ள!”

“சத்தத்துல ஒண்ணும் கேக்கல மச்சான்...”

சேதுபதி தண்டவாளத்தைப் பார்த்து ஓடினான். அதிலிருந்து அவன் கழற்றிய போல்ட்டுகள் சாக்கிலிருந்து வழியெல்லாம் கொட்டின.