அலாரம் காத்த கார்

ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் நின்ற ஸ்போர்ட்ஸ் காரில், பக்கத்தில் பூனை நடந்தாலும் அலாரம் அலறியது.

"கொஞ்சம் சும்மா இரேன். நீ கத்தக் கத்த என் உயிர்தான் போகுது" என்றது பேட்டரி.

"திருடன் வந்தா நீயா பிடிப்பே?" என்று எரிந்து விழுந்தது அலாரம்.

ஒரு மத்தியானம் நிஜமாகவே திருடன் வந்தான். கதவை நெம்பினான். அலாரம் வாயைத் திறந்தது, சத்தமே வரவில்லை. அவன் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். பேட்டரி செத்துக் கிடந்தது. திட்டிக்கொண்டே இறங்கி ஓடினான்.

மறுநாள் மெக்கானிக் செத்த பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பைக் வாங்கும் விலையில் புதுப் பேட்டரி மாட்டினார்.

"பழையவன் சரியான சோம்பேறி. நேத்து திருடனை நான் ஒருத்தனாத்தான் விரட்டினேன்" என்றது அலாரம்.

புதுப் பேட்டரி பயபக்தியோடு சொன்னது: "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்கண்ணே."