வித்தியாசமான பிரசங்கம்

"எனக்கு வேண்டாம், நீங்க எடுத்துக்கோங்க" என்று சொல்லி, தட்டில் மிஞ்சியிருந்த எலுமிச்சை கேக்கை மூன்றாவது முறையாகப் பாதியாக வெட்டினார் பெர்னிஸ். கடைசித் துண்டை முழுதாக எடுத்து வாயில் போடுவது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம்.

போதகர் கொரின் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். 'என் பிரசங்கங்களை ஏஐ எழுதியது. என்னை மன்னியுங்கள்.' இந்த இரண்டு வரியை எழுத அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. எடுத்துப் படிக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஆலயத்தின் கீழ்த்தளத்தில், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், சபைத் தலைவர் ஹார்லனும் மூத்த சபை அங்கத்தினரான பெர்னிஸ் அம்மாளும் மட்டும் அவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே நவம்பரின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அரிசோனா வெயிலில் வளர்ந்த கொரினுக்கு, மினசோட்டாவுக்கு வந்து ஏழு வருடமாகியும் இந்தக் குளிர் பழகவில்லை. பனியைக் கண்ணாலேயே பார்க்காமல் போய்ச் சேர்ந்த அம்மா கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வாள்.

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "கொஞ்ச நாளா உங்க பிரசங்கம்... வித்தியாசமா இருக்கு, பாஸ்டர்."

போன வருடம் ஒரு கல்யாண விருந்தில் கோழிக்கறி கரிக்கட்டையாகத் தீய்ந்து வந்தபோதும் ஹார்லன் 'வித்தியாசமா இருக்கு' என்றுதான் சொன்னார். அதற்கு மேல் கடுமையான வார்த்தை அவரிடம் கிடையாது.

"போதும், சுத்தி வளைக்காதீங்க ஹார்லன்" என்றார் பெர்னிஸ்.

"யாரு, நானா? நேத்து இதைப் பேசறேன்னு பாஸ்டருக்குப் போன் பண்ணி, முக்கால் மணி நேரம் உங்க பூனையைப் பத்திப் பேசினது யாரு?"

பெர்னிஸ் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "செப்டம்பர்லேர்ந்து உங்க பிரசங்கத்தை அந்த ஏஐதானே எழுதுது, பாஸ்டர்? எங்களுக்குத் தெரியும்."

பக்கத்து ஊரில் இதே விஷயத்துக்காக ஒரு போதகரைப் பெட்டி கட்ட வைத்துவிட்டார்கள். கொரின் கையிலிருந்த காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அதுல என்ன கஷ்டம்? போன வாரம் நடுவுல நிறுத்திட்டு, ஒண்ணுமே பேசாம நின்னீங்க. கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுது போலன்னு இவர் என் காதுல சொல்றார்."

"மெதுவாத்தானே சொன்னேன்" என்றார் ஹார்லன்.

"மூணாவது வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அதை விடுங்க. 'சில நாள் எனக்கும் ஜெபம் வரமாட்டேங்குது, சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கேன்'னு சொன்னீங்களே பாஸ்டர்! மனுஷங்க அப்படிச் சொல்லுவாங்களா? மெஷினுக்குத்தான் எதை எங்க சொல்றதுன்னு தெரியாது."

கொரினுக்குக் காது சுட்டது. அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது முன்வரிசை முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"முன்னெல்லாம் எப்படி இருக்கும்!" பெர்னிஸின் குரல் இளகியது. "போன கிறிஸ்துமஸுக்கு, பனியில தொலைஞ்ச ஒத்தைக் கையுறையைத் தேடி உங்கம்மா மூணு தெரு நடந்தாங்களே, அந்தக் கதை! அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். அதுல உயிர் இருந்துச்சு பாஸ்டர்."

"நானே அழுதுட்டேன்" என்றார் ஹார்லன்.

"நீங்க எங்க அழுதீங்க? தும்மினீங்க."

"அழுகையை மறைக்கத்தான் தும்மினேன்."

கொரினுக்குள் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, வெளியே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நெஞ்சில் நின்றது. அழுகையும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஹார்லன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "இங்க பாருங்க, நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம். அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து பழைய மாதிரியே பேசுங்க. இதோட மறந்துடுவோம். என்ன?"

ஒரே ஒரு தலையசைப்பு போதும். வேலை இருக்கும், மரியாதை இருக்கும், ஃபிரிட்ஜ் கதவுகளில் அவள் பெயரும் இருக்கும். பைக்குள் இருக்கும் காகிதத்தைக் கிழித்துப்போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"எடுத்துக்கோங்களேன், பாஸ்டர்." தட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கேக் மிஞ்சியிருந்தது. பெர்னிஸ் அதையும் பாதியாக்கக் கத்தியைத் தூக்கினார்.

கொரின் கையை நீட்டி அதை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பெர்னிஸ் தூக்கிய கத்தியைக் கீழே வைத்தார். அவள் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, காகிதத்தை வெளியே எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"செப்டம்பர்லேர்ந்துதாங்க நானே எழுதறேன்."