போர்வைக்கடியில் ஒரு பேரம்

கட்டைவிரலை மட்டும் அமுக்கினார் அப்பா. கால் வெடுக்கென்று விலகிக்கொண்டது.

ஒரு நாளுக்குச் சம்மதமில்லை.

அவரைப் போன்ற ரத்தினக்கல் வியாபாரிகள் துண்டுக்கடியில் கை கோத்து, விரலை அமுக்கித்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கே துண்டுக்குப் பதில் ஆய்வுக்கூடத்துப் போர்வை. கைக்குப் பதில் மகளின் கால்.

இடுப்புக்கு மேலே அவள் ஸ்கேன் இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருந்தாள்.

வாசிக்கப் போனால் அவளுக்கு எழுத்து ஓரிடத்தில் நிற்காது. பள்ளியில் சோம்பேறி என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். இங்கிருந்த ஆய்வாளர்தான், "சோம்பேறித்தனமெல்லாம் இல்லை, இவ மூளை எழுத்துகிட்ட வேற வழியா போகுது. அந்த வழியைத்தான் நாங்க தேடுறோம்" என்றாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. பேசிப் பிழைக்கிற மனிதர்.

ஸ்கேனை முழுதாக முடித்த பிள்ளைகளுக்கு மட்டும் வாசிப்பு வகுப்பு. மகளோ முந்தைய இரண்டு முறையும் பயந்து, நிறுத்தச் சொல்வதற்கென்று கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி, வெளியே வந்துவிட்டாள். இன்றும் வந்தால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அதனால்தான் அப்பாவையும் உள்ளே விட்டார்கள். காந்தம் இருக்கிறதென்று மோதிரங்களைக் கழற்றச் சொன்னார்கள். தோலுரித்த பழம் மாதிரி ஆகிவிட்ட விரல்களோடு வந்து, அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

வாசலிலேயே பேரம் தொடங்கியிருந்தது.

"அசையாம படுக்கிறேன். ஆனா வாரத்துக்கு அஞ்சு நாள் வேணும்."

"ஒரு நாள் தர்றேன். அதுக்கு மேல கட்டுப்படி ஆகாதுடி."

அதற்குள் இயந்திரம் அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. தலை அசையக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது போதாதா ஒரு வியாபாரிக்கு?

இரண்டு விரலை அமுக்கினார். கால் விலகியது.

மூன்று. மறுபடியும் விலகியது.

இயந்திரம் தகரக் கூரையில் சுத்தியல் போடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவள் முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியில் சொற்கள் வந்து வந்து போயின.

படியாத ஆளைப் படிய வைக்கத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. கையை எடுத்துவிட்டு எழுந்து போவதுபோல் பாவனை காட்டுவது. எடுத்தார்.

போர்வைக்கடியில் அந்தச் சின்னக் கால் இப்படியும் அப்படியுமாய்க் கையைத் தேடியது.

பந்தை அமுக்கிவிடப் போகிறாளோ என்று பதறி, பாதத்தை எட்டிப் பிடித்தார். ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கினார். பிறகு முழு உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். விலை படிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கால் அடங்கியது. அதன்பின் இயந்திரம் ஓயும்வரை அசையவே இல்லை.

பக்கத்து அறையில் ஆய்வாளர் திரையைப் பார்த்தபடி நெற்றியைச் சுருக்கினாள். சொற்களைப் படிக்கையில் இடது காதுப் பக்கமாகப் பரவ வேண்டிய வெளிச்சம் பரவியிருந்தது. அதோடு, மண்டை உச்சியிலும் ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"இது காலுக்கான இடம். உள்ள என்ன நடந்துச்சு?"

தொழில் ரகசியம் இப்படி மண்டைக்குள் படமாக விழும் என்று யார் கண்டது? இயந்திர அறையிலிருந்து வந்து நின்ற அவர் நடந்ததை ஒப்புக்கொண்டார்.

"படம் கெட்டுப்போச்சாம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "தலை துளி அசையலை. காலு பேசினதைத் தனியா பிரிச்சு எடுத்துடலாம். வகுப்புல சேர்த்தாச்சு."

அவர் கைகூப்பினார். ஆய்வாளரைப் பார்த்து ஒரு தரம், கண்ணாடிக்கு அப்பால் இருந்த இயந்திரத்தைப் பார்த்து ஒரு தரம்.

தலைமுடி கலைந்து வந்து நின்றாள் மகள். "அஞ்சு நாள். அப்பா ஒத்துக்கிட்டாங்க."

"அஞ்சு நாள் லீவா?" என்றாள் ஆய்வாளர். "வகுப்பே வாரத்துக்கு அஞ்சு நாள்தானே கண்ணு. லீவு போட்டா எப்படி?"

"லீவு இல்லம்மா, வகுப்புதான்," என்றார் வியாபாரி. சந்தையையே கூட்டுகிற குரல் காலடியில் விழுந்தது. "எனக்கும் எழுத்து நிக்காது. இவ ஒருத்திக்குத்தான் தெரியும். தனியா போக மாட்டாளாம், அஞ்சு நாளும் நானும் கூட உக்காந்து படிக்கணுமாம்."

வகுப்பறையில் இருந்தவை எல்லாம் குட்டி நாற்காலிகள். ஆய்வாளர் தன் நாற்காலியை மேசைக்கடியிலிருந்து இழுத்து, முதுகுப்பக்கத்தை ஆட்டிப் பலம் பார்த்து, அவர் பக்கம் தள்ளினாள்.

எந்தப் பொருளையும் நாலு குறை சொல்லாமல் வாங்கியறியாத மனிதர், இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.